பொட்டு வைத்த சிப்

அந்தச் சிப்புக்கு யாரோ பொட்டு வைத்திருந்தார்கள்.

சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஒரு தடவை வைத்ததல்ல. காய்ந்து வெடித்த பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம், அதற்கும் மேல் இன்னொன்று என்று ஒரு சிறு மேடாகவே எழும்பியிருந்தது. பச்சை நிறச் சர்க்கிட் பலகையின் நடுவில், இருபத்தெட்டுக் கால்கள் உள்ள ஒரு சாம்பல் நிறச் சிப்பின் முதுகில் அது உட்கார்ந்திருந்தது.

"இது யார் செஞ்ச வேல?" என்று கேட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பரமசிவம் அண்ணன் பெருமையாகச் சிரித்தார். "நான்தான் தங்கச்சி. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மறக்காம வைப்பேன். தேயில ஸ்டோர்ல வேல செஞ்ச காலத்துலயும் சரி, ரிட்டயர் ஆன பொறகும் சரி."

என் பெயர் சாந்தி என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அது பெயரோடு சரி என்பதும் இத்தனை வாரத்தில் தெரிந்திருக்கும். மாத்தளை டவுனில் ரேடியோவும் டிவியும் திருத்தும் கடை வைத்து நான் சம்பாதித்த பெயரில் பாதி, வாயால் கெட்டது.

"கரண்டு சாமானுக்குச் சந்தனம் பூசுறீங்களே, ஒங்க தலையில மூள இருக்கா?" என்று கத்தினேன்.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவரோடு வந்திருந்த மல்லிகா தரையைப் பார்த்தாள். நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, திட்டிக்கொண்டே துடைத்தேன். சந்தனம் கரைந்து பஞ்சு மஞ்சளானது. அடியில் கண்ணாடி தெரிந்தது. வெறும் கண்ணாடி.

என் கை அப்படியே நின்றது.

யானைக்குத் தலை போன கதை

ஏன் நின்றது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தக் காலத்து மெமரி சிப்களில் ஒரு வகை உண்டு. அதன் முதுகில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். உள்ளே எழுதியதை அழிக்க வேண்டுமானால் அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதாக் கதிர் விளக்கைக் காட்ட வேண்டும். பழையது அழியும், புதிதாக எழுதலாம். வெயிலிலும் அந்தக் கதிர் இருப்பதால், எழுதி முடித்ததும் ஜன்னலின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் வெளிச்சத்தில் போட்டு வைத்தால் எழுதியது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு யானையால் தெரிந்துகொண்டேன்.

தொழில் பழகிய புதிதில், அலுவிகாரைப் பக்கம் புத்தரின் பண்டிகையான வெசாக்குக்குக் கட்டும் ஒரு மின்விளக்குப் பந்தலுக்கு வேலை வந்தது. பல்புகள் எந்த வரிசையில் எரிந்து அணைய வேண்டும் என்பதை ஒரு சிப்பில் எழுதித் தர வேண்டும். தாமரை விரிய வேண்டும், யானை துதிக்கையைத் தூக்க வேண்டும். வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதினேன். ஸ்டிக்கர் கோணலாக ஒட்டிவிட்டதென்று உரித்தேன். சிப்பை மாட்டிய பெட்டிக்குள் ஈரம் ஏறியிருந்ததால் மூடியைத் திறந்து, தகரக் கூரையின் மேல் வெயிலில் வைத்தேன். வேறு வேலையில் மறந்துபோய் ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தது.

வெசாக் அன்று சுவிட்சைப் போட்டதும் தாமரை அழகாக விரிந்தது. யானைக்குத் தலை வரவில்லை. நாலு காலும் ஒரு வாலும் மட்டும் நடந்தன. கூடியிருந்த சனம் கைதட்டியது, இந்த வருடம் ஏதோ புதுமை செய்திருக்கிறார்கள் என்று. பந்தல்காரர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வருடம் அவர் என் கடைப் பக்கமே வரவில்லை.

அதனால்தான் வெறும் கண்ணாடியைப் பார்த்ததும் அதை உள்ளங்கையால் மூடினேன்.

"இதுக்கு மேல இருந்த ஸ்டிக்கர் எங்க?" என்றேன்.

பரமசிவம் அண்ணன் மெல்லத்தான் பதில் சொன்னார். "அது சேத்துலயே போயிருச்சு. மண்ணுக்குள்ள இருந்து நான் எடுத்தப்பவே இல்ல. கண்ணு மாதிரி பளபளன்னு இருந்திச்சு. தொறந்த கண்ண அப்படியே வுடக் கூடாதுன்னு பொட்டு வெச்சேன்."

முப்பது வருடத்துக்குக் கிட்ட அந்த ஜன்னலுக்குத் திரையாக இருந்தது அவர் வைத்த சந்தனம்தான். அதைத்தான் நான் அவரைத் திட்டிக்கொண்டே துடைத்தேன். அவசரமாகக் கறுப்பு டேப்பைக் கிழித்து ஒட்டினேன். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை.

யாரும் சாகாத சரிவு

மல்லிகா, ரிவர்ஸ்டன் போகிற வழியில் இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவளும் அவள் மகளும் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள்.

கடந்த பெருமழையில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்தது. இருபத்திரண்டு குடும்பங்களையும் கீழே பள்ளிக்கூடக் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மழை விட்டது, மாதங்கள் போயின. பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும், லயத்துக்கே திரும்பிப் போங்கள் என்று அரசாங்கக் கந்தோர் அதிகாரிகள் சொன்னார்கள்.

மல்லிகா முடியாது என்றாள். அவள் குடியிருந்த காம்பராவின் பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்த மலை முன்பும் ஒருமுறை இறங்கியது என்று அவள் கந்தோரில் சொன்னாள். அப்போது அவளுக்கு ஆறோ ஏழோ வயது. மாட்டுப்பட்டி, காய்கறிப் பாத்தி, மலையில் நட்டிருந்த மழை அளக்கிற கம்பம் எல்லாம் மண்ணோடு போயின. ஆட்கள் வேலைக்குப் போயிருந்ததால் பட்டியிலும் பாத்தியிலும் யாரும் இல்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. தோட்டம் கைமாறியபோது பழைய புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. பத்திரிகையிலும் வரவில்லை. இவ்வளவு பெரிய மழைக்கே நின்ற மலை இனிமேல் ஏன் இறங்கப் போகிறது என்று திருப்பிக் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"யாராவது செத்திருந்தா எழுதியிருப்பாங்க அக்கா," என்றாள் மல்லிகா என்னிடம். "யாரும் சாகல. அதனால அது நடக்கவே இல்லங்கிறாங்க."

அழவில்லை. கோபத்தில் தாடை இறுகியிருந்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கந்தோரில் கடைசிக் கூட்டம். அதற்குள் ஓர் அத்தாட்சி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திங்கட்கிழமை சாமான்களை லயத்துக்கு ஏற்ற லொறி வரும். மல்லிகாவின் மகளுக்கு வயிற்றில் ஏழு மாதம். பிள்ளை பிறந்து அந்த வெடித்த சுவருக்குக் கீழேதான் தொட்டில் கட்ட வேண்டியிருக்கும்.

அப்போதுதான் பரமசிவம் அண்ணனுக்கு அலுமாரிக்குள் வைத்திருந்த, இந்தச் சிப் உள்ள பெட்டியைக் காட்டலாமென்று தோன்றியிருக்கிறது. அவர் அதே தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், எலக்ட்ரீசியனாக இருந்தவர். ஏதோ ஒரு புரொஜெக்டுக்காக வந்தவர்கள் மழை அளக்கிற அந்த மெஷினை மலையில் நட்டு, பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சரிவு நடந்த மறுநாள் அவர் மண்வெட்டியோடு போய், சேற்றுக்குள்ளிருந்து பெட்டியைத் தோண்டி எடுத்தார். அவர்கள் வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று கழுவித் துடைத்து வைத்தார். யாரும் வரவில்லை.

"அதுக்குள்ள அன்னைக்குப் பேஞ்ச மழ இருக்கும்ல?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"இருந்தா எடுத்துத் தர்றேன்," என்றேன். சொன்ன பிறகுதான் அன்றைக்குச் சனிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது.

கறுத்துப்போன கால்கள்

பெட்டியின் கீலில் இன்னும் செம்மண் ஒட்டியிருந்தது. மூடியின் உள்பக்கம் அரை மணிக்கு ஒரு பதிவு என்று அச்சடித்திருந்தார்கள். எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதியிருக்க வேண்டிய கடதாசி, சேற்றில் ஊறிக் கூழாகிப் போயிருந்தது.

சிப்பின் கால்கள் கறுத்துக் கிடந்தன. அழிறப்பரைச் சின்னதாக வெட்டி, ஒவ்வொரு காலாகத் தேய்த்தேன். பத்துக் கால் நல்லபடியாக வந்தன. பதினோராவதில் ஒரு மயிரிழை அதிகமாக அழுத்திவிட்டேன். கால் ஒடிந்து மேசையில் விழுந்தது.

என்னை நானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை ஆசிரியர் அச்சில் போடமாட்டார்.

சிப்பின் உடம்போடு ஒட்டிய இடத்தில் ஊசி முனை அளவுக்கு உலோகம் மிச்சமிருந்தது. அதில் ஒரு கம்பி இழையைப் பற்ற வைக்க வேண்டும். சூடு கூடினால் சிப்பே போய்விடும். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தபோது, பக்கத்து ஹார்ட்வெயார் கடை நஸீர் நானா பிளேன்டீயோடு வந்து வாசலில் நின்றார்.

"மூச்ச விடுங்க தங்கச்சி, மௌத்தாகிடப் போறீங்க," என்றார்.

"மூச்சு விட்டா கை ஆடுது நானா."

"அப்ப விடாதீங்க," என்று சொல்லிவிட்டு, அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது முயற்சியில் பற்றியது. இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம். டீ ஆறிப்போயிருந்தது.

ஒன்பது தடவை

திங்கட்கிழமை காலையில் சிப்பை வாசிக்கும் கருவியில் வைத்தேன். ஏதோ வந்தது. மறுபடி வாசித்தேன். வேறு ஏதோ வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நூற்றுக்கணக்கான இடங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

இந்த வகைச் சிப்பில் எழுத்து என்பது உள்ளே அடைத்து வைத்த கொஞ்சம் மின்சாரம். முப்பது வருடத்தில் அது கசிந்துவிடும். முழுதாகக் கசிந்தால் எழுத்து இல்லை. அரைகுறையாகக் கசிந்தால், ஒரு தடவை இருக்கிறது என்று சொல்லும், அடுத்த தடவை இல்லை என்று சொல்லும்.

இந்த மாதிரிக்கு ஒரு வழி இருக்கிறது. வழக்கமாக ஐந்து வோல்ட் கொடுத்துத்தான் வாசிப்போம். அதைக் கொஞ்சம் குறைத்தால், மங்கிப்போன எழுத்து திரும்பத் தெரியும். கூசுகிற கண்ணுக்கு விளக்கைத் தணிப்பது போலத்தான். ஆனால் என் கருவியில் ஐந்தைக் குறைக்க முடியாது. ஆகவே ஒரு பலகையில் நானே கம்பிகளை இழுத்து, வோல்ட்டைத் திருகிக் குறைக்கும்படி ஒன்றைக் கட்டினேன். அதற்குச் செவ்வாய்க்கிழமை முழுதும் போயிற்று. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களையெல்லாம் நாளை மறுநாள் வாருங்கள் என்று விரட்டினேன். ஒரு அம்மா, தன் டிவியில் நாடகம் முடியப் போகிறது என்று சண்டை பிடித்தார். நானும் பிடித்தேன்.

புதன்கிழமை வோல்ட்டை மெல்ல மெல்லத் தணித்தேன். ரொம்பத் தணித்ததும் சிப் மொத்தமாக ஊமையாகியது. கொஞ்சம் ஏற்றினேன். நாலுக்குச் சற்று மேலே ஓரிடத்தில் ஒரு வாசிப்பும் மறு வாசிப்பும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. அந்த இடத்திலேயே திருகியை நிறுத்தி ஒன்பது தடவை வாசித்தேன். ஒவ்வோர் இடத்திலும் எது அதிகத் தடவை வந்ததோ அதை எடுத்துக்கொண்டேன்.

நஸீர் நானா எட்டிப் பார்த்தார். "எலக்ஷன் வெக்கிறீங்களா?"

"ஆமா நானா. எழுத்துக்கு எழுத்து எலக்ஷன்."

"கள்ள வோட்டு இல்லாமப் பாத்துக்குங்க."

பிறகு திரையில் வந்ததைப் படித்தேன். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். ஒரு பக்கம் முழுதும் பூச்சியம். பிறகு இரண்டு, ஏழு, பன்னிரண்டு, நாலு, மறுபடி பூச்சியம். மழை மெஷினுக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பிக் கவிழ, மற்றது மேலே வரும். ஒரு கவிழ்ப்புக்கு ஓர் எண். அந்த எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மதியம் திரும்பியதும் இருண்டு, இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு நிற்கும் எங்கள் பக்கத்து மழை அது.

பதிவின் கடைசியில் மூன்று நாள் பூச்சியமே இல்லை. எண்கள் கூடிக்கொண்டே போயின. ஓரிடத்தில் சட்டென்று நின்றன. அதற்குப் பிறகு சிப்பின் கடைசி வரை ஒன்றும் எழுதப்படவில்லை.

மண் வந்த நேரம் அது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

நான் அழித்த மழை

வியாழக்கிழமை பகல், எண்களைக் கோட்டுப் படமாக்கி, கடதாசிகளை ஒட்டி நீளமாக மேசையில் விரித்தேன். மல்லிகாவும் பரமசிவம் அண்ணனும் இரத்தோட்டை பஸ்ஸில் வந்தார்கள். அண்ணன் கடைக்குள் வரவில்லை. நஸீர் நானாவின் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டார். நானாவே போய், "வாங்க மனுசா, சும்மா வாங்க," என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இது எந்த வருடத்து மழை, எந்த மாதத்து மழை? கடதாசியில் தேதி இல்லை. நாளைக்குக் கந்தோரில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். எனக்குப் பதில் தெரியவில்லை. மல்லிகாவிடம் அதைச் சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரமசிவம் அண்ணன் மேசையோடு நடந்து, கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி போனது.

"இங்க வெயில் பத்து நாள் இருக்குதுங்களே," என்றார். "அதுக்கு நடுவுல ஒரு காலையில, கொஞ்சங் கொஞ்சமா மூணு தடவ பேஞ்சிருக்கணும். காணோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூன்று எண்களை நான் பார்த்திருந்தேன். நல்ல வெயில் நாட்களுக்கு நடுவில், மதிய மழைகளை வைத்துக் கணக்குப் பார்த்தால் காலை நேரத்தில், ஒன்றுக்கொன்று கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று சின்னத் தூறல். காலையில் அப்படி மழை பெய்யாது. சிப் கெட்டுப்போய்த் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவு செய்து, நானே அவற்றைப் பூச்சியமாக்கிவிட்டு அச்சடித்திருந்தேன்.

"அது இருந்தது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் நஸீர் நானாவைப் பார்த்தார், மல்லிகாவைப் பார்த்தார். "சொன்னா நீங்க மறுபடி திட்டுவீங்க."

"திட்ட மாட்டேன். சொல்லுங்கண்ணே."

"ஆயுத பூசைக்கு அதுக்கு அபிசேகம் பண்ணேன்."

அவரே தொடர்ந்தார்.

"ஸ்டோர்ல இருக்கிறதெல்லாம் கரண்டு மெஷினு, பொட்டு மட்டும்தான் வைக்கலாம், தண்ணி ஊத்த முடியாது. இது தண்ணிக்குன்னே வெச்ச மெஷினு. அதுக்கு ஊத்துனா என்னன்னு தோணுச்சு. காலையில ஏழு மணிக்கு மேல ஏறிப் போனேன். மொதல்ல ஒரு செம்பு தண்ணி. உள்ளுக்குள்ள டக்கு டக்குன்னு சத்தம் நிக்கிற வரைக்கும் ஒக்காந்து தேவாரம் பாடுனேன். அப்பறம் மஞ்சத் தண்ணி. கடைசியா எளநி."

"எளநியா?"

"ஒரு செம்பு. அந்த எஞ்சினியர் மாத்தயா, மழையத் தவிர வேற ஒன்னும் இதுக்குள்ள விழக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அதனால இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல. நான் பண்ணதுலதான் மெஷினு பழுதாப் போச்சோன்னு ஒரு பயம்."

நான் கணினியைத் திறந்து, அழித்த எண்களைத் திரும்பப் போட்டேன். மூன்று தூறலும் கோட்டில் எழும்பின. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

ஆயுத பூசை அன்று காலை ஏழு மணிக்கு மேல். எனக்கு ஒரு நாளும் நேரமும் கிடைத்துவிட்டது. வருடம்? அவருடைய மூத்த மகளுக்குக் காது குத்திய வருடம். அந்த வருடத்துப் பஞ்சாங்கம் அம்மன் கோயில் காரியாலயத்தில் கட்டிவைத்த பழைய பஞ்சாங்கங்களுக்குள் இருந்தது. நஸீர் நானா தன் ஸ்கூட்டரைக் கொடுத்தார், நானே போய் எடுத்துவந்தேன்.

எண்ணுவதற்கு முன்னால் மல்லிகாவைக் கேட்டேன். மலை இறங்கிய நாள் அவளுக்கு எப்படி ஞாபகம்?

"மறுநாள் கார்த்திகைத் தீபம் அக்கா. வெளக்கெல்லாம் கழுவி வாசல்ல கவுத்து வெச்சிருந்தோம். மழையில அது நனையுதுன்னு நான் அழுதேன். கொழுந்து நிறுக்கிறதுக்கு ஆளுங்க எறங்குன நேரம். மூணு மணி இருக்கும்."

ஆயுத பூசைக் காலையிலிருந்து அரை மணி அரை மணியாக எண்ணிக்கொண்டு போனேன். மூன்று பேரும் என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். பதிவு நின்ற இடம், அந்த வருடத்துக் கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின நாள், பிற்பகல் மூன்று மணி.

மல்லிகா என் தோளை இறுகப் பிடித்தாள். இரண்டு நாள் வலித்தது.

"அண்ணே, மன்னிச்சிருங்க," என்றேன். "அன்னைக்கு அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

"வுடுங்க தங்கச்சி. திட்டுனதுக்குக் கோவமில்ல. மூள இருக்கான்னு கேட்டீங்க பாருங்க, அத ஊட்டுல போய்ச் சொன்னேன். பொஞ்சாதி ஒங்க பக்கம் பேசுறா."

கந்தோரில்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்தியவர் ஒரு சிங்கள அம்மா. எல்லாரும் மெடம் என்றார்கள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நான் விரித்த படத்தை நுனியிலிருந்து பார்த்தார். சிங்களத்திலேயே பேசினேன். எனக்குக் கோபம் வந்துவிடக் கூடாதே என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டு போயிருந்தேன்.

பேட்டரி தீர்ந்து மெஷின் நின்றிருக்கலாமே என்று கேட்டார். நல்ல கேள்வி. அது ஒவ்வொரு நாளும் தன் பேட்டரியின் அளவையும் எழுதிவைத்திருந்தது. கடைசி நாள் வரை குறையவில்லை. அதைக் காட்டினேன். கீலில் மண் ஒட்டிய பெட்டியையும் மேசையில் வைத்தேன்.

"தேதி எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பரமசிவம் அண்ணன் எழுந்துவிட்டார். தேய்த்த சட்டை, நெற்றி நிறைய விபூதி. தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். அந்த மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான், ஊற்றக் கூடாது என்று சொல்லியும் ஊற்றினேன், ஆயுத பூசை அன்று காலையில் என்றார். மூலையில் இருந்த ஓர் இளம் அதிகாரி சிரித்துவிட்டார். மெடம் சிரிக்கவில்லை.

"எத்தனை செம்பு?"

"மூன்று."

அவர் படத்தில் மூன்று தூறலையும் பேனாவால் தொட்டு எண்ணினார். பஞ்சாங்கத்தை வாங்கி, இரண்டு பண்டிகைத் தேதிகளையும் தானே பார்த்து, நாட்களைத் தானே எண்ணினார். பிறகு அலுமாரியிலிருந்து கடந்த பெருமழையின் பதிவை எடுத்து, என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிக் கூட்டிப் பார்த்தார்.

"அன்றைக்குப் பெய்தது இதைவிடக் குறைவு," என்றார் கடைசியில். "குறைந்த மழைக்கே இறங்கியிருக்கிறது."

இவ்வளவு பெரிய மழைக்கே நின்ற மலை என்று முன்பு சொன்னவர்கள் அதே மேசையில் இருந்தார்கள். ஒருவரும் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

மாற்று இடம் கிடைக்கும்வரை லயத்துக்கு யாரும் திரும்ப வேண்டாம் என்று அன்றே கடிதம் எழுதித் தந்தார். பிள்ளைகளின் படிப்புக்குப் பக்கத்துக் கட்டடம் ஏற்பாடாகியது. திங்கட்கிழமை லொறி வரவில்லை. வீடு கட்டக் காணி இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மல்லிகா வாரம் ஒரு தடவை கந்தோருக்குப் போய் நிற்கிறாள். அவள் போகாத வாரம் நான் போகிறேன். என் வாய்க்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது. அவளுக்குப் பேத்தி பிறந்து, பள்ளிக்கூட மண்டபத்தின் உத்தரத்தில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அறையில் கடைசியாக நடந்ததை நான் மறக்கப் போவதில்லை.

மெடம் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். அதே இடத்தில் முன்பு சரிவு நடந்திருக்கிறதா? ஆம். தேதி. நேரம். எழுதிக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் மல்லிகாவைக் கேட்டார்.

"செத்த ஆள் எத்தனை?"

"யாரும் இல்லீங்க மெடம்."

அவர் தலையசைத்து, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்ததற்குப் போனார். மல்லிகா எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போய், அந்தக் கட்டத்தின் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"சும்மா வுடாதீங்க மெடம். சைபர் போடுங்க. இனிமேலும் அது சைபராவே இருக்கணும்."

மெடம் போட்டார். மை காயும்வரை மல்லிகா விரலை மேசையிலிருந்து எடுக்கவில்லை.